அந்த நெய்ச்சோறு ஏன் குழைந்தது

1

மக்காவுக்கு உம்ரா போகப் புறப்படுகிறவர்கள் சொந்தபந்தம், அக்கம்பக்கம் என்று ஒருவர் விடாமல் மாப்புக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது பேசியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வாசல் வாசலாக ஏறி இறங்குவார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு போனில். என் நானா, அதாவது உடன்பிறந்த அண்ணன், போன மாதம் அப்படித்தான் காரைக்காலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

நான் அப்போது வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில், டப்பாவில் கொண்டுபோயிருந்த சோற்றைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தேன். நானா ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு பேசுகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. எனக்கு முன்னால் யாரையோ முடித்துவிட்டு, எனக்குப் பின்னால் யாரையோ கூப்பிட வேண்டிய அவசரம். நானும் மாப்புத் தந்தேன், பதிலுக்குக் கேட்டேன். அங்கே கேட்கிற துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அதோடு வைத்திருக்கலாம். என் நாக்கு சும்மா இருந்தால்தானே?

"பண்டாரிகிட்ட கேட்டீங்களா நானா?"

"எந்தப் பண்டாரி?"

எந்தப் பண்டாரியாம்! அவர் மகள் கல்யாணத்துக்குச் சோறாக்கிய செய்யது பண்டாரியை அவருக்கு நினைவில்லையாம். பேரைச் சொன்னேன். பிறகு, "அவன்கிட்ட நான் கேக்க என்ன இருக்கு? அவன்தான் என்கிட்ட கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, இன்னும் நிறையப் பேரைக் கூப்பிட வேண்டும் என்று வைத்துவிட்டார்.

டப்பாவை மூடிவிட்டேன்.

இந்த மலரை நடத்துகிற நம்மூர்க்காரர்கள் சில மாதங்களாக என்னை எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பனி பற்றி, பாரிஸ் கோபுரம் பற்றி, இங்குள்ள பிள்ளைகள் தமிழ் படிப்பது பற்றி எழுதலாமே என்று யோசனையும் சொன்னார்கள். நான் இருப்பது பிரான்ஸின் தெற்கே. இங்கே பனி விழுவதே அபூர்வம். கோபுரத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், இரண்டு தடவையும் கால் வலித்தது. பிள்ளைகள் தமிழ் படிக்கிற லட்சணத்தைக் கீழே சொல்கிறேன். எனக்கு எழுத இருப்பது ஒரு கல்யாணச் சோற்றைப் பற்றித்தான்.

2

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் என்னைப் பற்றி ஒரு பொய் உலவுகிறது, அதை நானே வளரவிட்டேன்.

காரைக்காலில் தாவரவியல் முதுகலை படித்தேன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இங்கே வந்த பிறகுதான் என் பட்டம் ஒரு காகிதம் என்று தெரிந்தது. அதற்கு 'எக்கிவலான்ஸ்' வாங்க வேண்டும், அதாவது என் படிப்பு இவர்கள் படிப்புக்குச் சமம் என்று இவர்களே ஒரு சான்று தர வேண்டும். பாடத்திட்டத்தை மொழிபெயர்த்துக் கொடு என்றார்கள். கொடுத்தேன். அரசு முத்திரை பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும் என்றார்கள். செய்யவைத்தேன். பிறப்புச் சான்றில் ஜெமிலா, பட்டத்தில் ஜமீலா. இரண்டும் ஒரே பெண்தானா என்றார்கள். அதற்கொரு பிரமாணப் பத்திரம். எல்லாம் முடிந்து அவர்கள் தந்த சான்று, நான் படித்ததில் பாதியைத்தான் ஒத்துக்கொண்டது. அந்தப் பாதிக்குக் கிடைத்தது ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளர் வேலை. குழாய் கழுவுவது, மாவு அரைப்பது, எடைபோடுவது, கருவி காட்டுவதைக் குறித்துவைப்பது. என்ன ஏது என்று யோசிக்கிற வேலை வேறு ஆட்களுக்கு.

ஊரிலோ நான் 'பிரான்ஸில் அரிசி சயின்டிஸ்ட்'. நானாதான் அப்படிச் சொல்லிப் பரப்பினார். முதல் தடவை கேட்டபோதே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். பாதிப் பட்டத்தோடு வாழ்கிறவளுக்கு அது இனித்தது. மறைப்பானேன்?

ஆனால் ஒன்று. குழாய் கழுவுகிறவளுக்கும் கண் இருக்கிறது. இத்தனை வருஷம் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்ததில், அது எப்படி அரிசியாகிறது என்று எனக்குத் தெரியும்.

நெல் பூத்த பிறகு மணிக்குள் பால் பிடிக்கும் என்பது நம்மூரில் வயல் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பால் வெறும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரிதான், இலையிலிருந்து இறங்கி வருவது. அதை மாவாக்குவது நொதிகள். என்ஸைம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு நொதி சர்க்கரையை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நீளமான நேர் இழையாக்குகிறது; மாவுமணியோடு ஒட்டிக்கொண்டே வேலை பார்க்கும் அது. வேறு சில நொதிகள் கிளை கிளையாகப் பிரித்துக் கட்டுகின்றன. இன்னொன்று தப்பாக முளைத்த கிளையை வெட்டிச் சீர்ப்படுத்துகிறது. நேர் இழை போதுமான அளவு இருந்தால் சோறு உதிரி உதிரியாக நிற்கும். அது குறைந்து கிளை மட்டும் மிஞ்சினால் ஒட்டும், குழையும். நீங்கள் சட்டியில் எவ்வளவு தண்ணீர் வைக்கிறீர்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த நொதிகளுக்குச் சூடு ஆகாது. அதிலும் இரவுச் சூடு ஆகவே ஆகாது. எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடி அறைகள் இருக்கின்றன. ஒரே ரகத்து நெல்லை இரண்டு அறைகளில் வைப்போம். பகல் இரண்டுக்கும் ஒன்று. பால் பிடிக்கிற நேரத்தில் ஓர் அறைக்கு மட்டும் இரவை வெதுவெதுப்பாக்குவோம். அந்த அறையில் நேர் இழை கோக்கிற நொதி தளர்ந்துவிடும். மற்றவை தாறுமாறாக ஓடும். மாவு நெருங்கி அடுக்காமல் இடைவெளி விட்டு உட்காரும். அந்த இடைவெளியில் காற்று. அரிசியாக்கிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய மணியின் நடுவே சுண்ணாம்பு வைத்ததுபோல வெள்ளை தெரியும். தண்ணீர் பட்டால் அங்கேதான் முதலில் வெடிக்கும்.

இது எனக்கு மனப்பாடம். அந்த அறைக்கு இரவுச் சூட்டைத் திருகி வைக்கிற கையே என் கைதான்.

3

நானா இருபது வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். கோட்டுச்சேரிக்கு மேற்கே கொஞ்சம் நிலம் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை சேற்றில் கால் வைத்ததில்லை; துணி வியாபாரம், கப்பல், பிறகு துபாய். நாற்பத்தெட்டு வயதில் ஏர் பிடிக்கக் கிளம்பிய மனுஷனைப் பார்த்து ஊரே சிரித்தது. அவர் விடவில்லை. மகள் நஸ்ரினுக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் ஒரு சபதம் மாதிரிச் சொன்னார்: "என் மவ கல்யாணத்துக்கு என் வயல் சீரகச் சம்பாவுலதான் நெய்ச்சோறு."

கல்யாணத் தேதி என் லீவை ஒட்டி வைக்கப்பட்டது. இங்கே பள்ளிக்கூடக் கோடை விடுமுறையில்தான் என்னால் வர முடியும். அத்தை இல்லாமல் எப்படி என்று நஸ்ரின் பிடிவாதம். அதனால் ஆடியில் கல்யாணம். தை மாதம் அறுத்துவிட்டால் ஆடிக்குள் அரிசி பக்குவமாகப் பழகிவிடும் என்று கணக்கு.

அந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் நேரத்தில் வந்து சேரவில்லை. வந்தபோது மழையும் கூடவே வந்து நாற்றங்காலை மூழ்கடித்தது. மறுபடி நாற்று விட்டு, அது நடவுக்கு வந்தபோது கார்த்திகை பாதி. பக்கத்து வயல்காரர் சொன்னாராம், இந்நேரத்தில் சம்பா வேண்டாம், குறுகிய வயசு ரகம் ஏதாவது போடுங்கள், கல்யாணத்துக்குக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. நானா எனக்கு போன் போட்டார்.

நான் அப்போது குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். பொய்யில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் பேசினேன். இப்போது நட்டால் எப்போது பூக்கும் என்று கேட்டேன். தை கடைசி, மாசி என்றார். மாசியில் பூத்தால் பங்குனி வரை பால் பிடிக்கும். மார்கழிக் குளிரில் நிரம்ப வேண்டிய மணி, கடலோரத்துப் பங்குனி இரவில் நிரம்பும். எனக்கு இரண்டு தப்படி தூரத்தில் அந்த வெதுவெதுப்பான கண்ணாடி அறை இருந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் குரலில் ஒரு கெஞ்சல். வேண்டாம் என்று சொன்னால் அந்த வயல், அந்தச் சபதம், ஊர் சிரித்த சிரிப்பு எல்லாம் அவர்மேல் விழும். என் லீவுக்காக வைத்த தேதி வேறு.

"போடுங்க நானா. ரெண்டு மாசம்தானே பிந்துது, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

தெரியாமல் சொல்லியிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். தெரிந்தவள் சொன்னேன்.

4

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு செய்யது பண்டாரி வந்தார். விசேஷங்களுக்குச் சோறாக்குகிறவரைப் பண்டாரி என்போம். அவர் கைச்சோறு சாப்பிடாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. நெடுநெடுவென்று ஆள், தலையில் ஒரு துண்டு. கொல்லைப்பக்கப் பந்தலில் மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு மணியை முன்பல்லில் வைத்துக் கடித்தார். துப்பிவிட்டு இன்னொன்று.

"பாய், இந்த அரிசி நிக்காது. மணிக்கு மணி வெள்ளை கட்டியிருக்கு. புதுசுங்கறது வேற, அத நான் சமாளிச்சுக்குவேன். இது தண்ணி பட்டதும் வெடிக்கும்."

கடைத்தெருவிலிருந்து பழைய அரிசி எடுத்துவிடலாம், இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நானாவின் முகம் செத்துப்போயிற்று. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் 'என் வயல் அரிசி' என்று சொல்லி வைத்திருந்தவர். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. நீதான அரிசி டாக்டரு."

நான் ஒரு கை அள்ளினேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆய்வகத்தில் அந்த அறையிலிருந்து வருகிற அரிசியை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அதே சுண்ணாம்பு. உள்ளங்கையில் இருந்த மணிகளில் பாதிக்கு மேல் அப்படித்தான். இப்போது 'ஆமாம்' என்றால் அடுத்த கேள்வி, அப்படியானால் கார்த்திகையில் ஏன் போடச் சொன்னாய் என்பதாக இருக்கும். பந்தலில் சொந்தக்காரர்கள் பத்துப் பேராவது நின்றார்கள்.

"வாசனை நல்லா இருக்கு மாமா. தண்ணியக் கொறச்சு வச்சா சரியா வரும்" என்று பண்டாரியிடம் சொன்னேன். அவர் இன்னும் தயங்குவதைப் பார்த்து, "நாங்க லேப்ல இதத்தான் பாக்குறோம்" என்று வேறு சேர்த்தேன்.

அந்த வார்த்தைக்கு அவர் பணிந்தார். "நீங்க படிச்சவங்க, சொல்றீங்க. சரிம்மா" என்று மூட்டை வாயைக் கட்டினார். முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவர், குழாய் கழுவுகிறவளின் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார்.

5

நம்மவர் கல்யாணத்தில் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. ஒரு தட்டில் சோறு கெட்டுப்போனால் நாலு முகம் ஒரே நேரத்தில் மாறும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெண்கள் பக்கம் என் எதிரில் மாப்பிள்ளையின் தாயார். நெய்ச்சோறு வந்தது. அள்ளி வைத்த கரண்டியின் அச்சு அப்படியே சோற்றில் நின்றது. அந்த அம்மா இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், கறி ஆணக் குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டார். நடுவே மறைத்த தட்டியின் அந்தப் பக்கம், ஆண்கள் பந்தியில் யாரோ கேட்டார்: "நோம்பு மாசம் வந்துருச்சா? சஹன்ல கஞ்சி வச்சிருக்காங்களே." எல்லோரும் சிரித்தார்கள்.

நானா எழுந்து அடுப்படிக்குப் போனார். தட்டிக்குப் பின்னால் இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் எங்களுக்குக் கேட்டது. கவனமில்லாமல் ஆக்கிவிட்டாய், என் மகள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டாய், இனி எந்த வீட்டிலும் நீ கரண்டி பிடிக்க மாட்டாய் என்றார். எழுத முடியாததும் சில சொன்னார். தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். பண்டாரி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. கையில் கரண்டியோடு நின்றார். ஒரே ஒரு முறை பெண்கள் பக்கம் பார்த்தார்.

'நானா, தப்பு அரிசில' என்று நான் சொல்லியிருந்தால் போதும். மூன்றே வார்த்தை. நான் தலையைக் குனிந்து சஹனில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பண்டாரியின் பிழை என்பதே ஊர்ப்பேச்சாயிற்று. நானாவுக்கு அது தேவைப்பட்டது. அரிசி மட்டம் என்றால் பெண் வீட்டார் மட்டம் என்றாகும். சமையல்காரன் சரியில்லை என்றால் யாருக்கும் நட்டமில்லை. அவரைத் தவிர.

6

மிஞ்சியதில் ஒரு கிலோ அரிசியைப் பெட்டியில் வைத்துப் பிரான்ஸுக்கு எடுத்துவந்தேன். ஏன் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது தப்பாக இருக்கக்கூடாதா என்ற ஆசை என்று நினைக்கிறேன். அரிசி நன்றாக இருந்து, சமையல்தான் தப்பாக இருந்தால் நான் தப்பித்தேன்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்து எதற்கு என்றார். ஒரு தடவையாவது உண்மை பேசலாம் என்று, பரிசோதனைக்கு என்றேன். வந்தது வினை. எந்த ஆய்வகம், யார் அனுமதி, தாவர நலச் சான்று எங்கே, இந்தப் படிவம், அந்தப் படிவம். முக்கால் மணி நேரம் நின்றேன். என் மகள் ரிஸ்வானா பெட்டிமேல் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், மன்னியுங்கள், பிரெஞ்சு சரியாக வராது, சாப்பிடத்தான் கொண்டுவந்தேன் என்றேன். நல்லபடி சாப்பிடுங்கள் மதாம் என்று விட்டுவிட்டார்.

ஆய்வகத்தில் எல்லோரும் சாப்பிடப் போன ஒரு மத்தியானம், அந்த அரிசியையும் இங்கே தமிழ்க் கடையில் வாங்கிய சீரகச் சம்பாவையும் தனித்தனியாக அரைத்தேன். நொதியை இனிப் பார்க்க முடியாது. நெல் காய்ந்தபோதே அது ஓய்ந்திருக்கும். அது செய்த வேலையும் செய்யாமல் விட்ட வேலையும் மட்டும் மணியில் இருக்கும். அதற்குப் பள்ளிக்கூடச் சோதனையே போதும். மாவைக் கரைத்து அயோடின் விட்டால் நேர் இழைகள் அதைப் பிடித்துக்கொண்டு கருநீலமாகும். கடை அரிசி கருநீலமானது. எங்கள் அரிசி வெளுத்த ஊதாவோடு நின்றது. பிறகு அளவு எடுக்கிற கருவியில் மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் நேர் இழை குறைவு என்ற அதே பதில்தான்.

அச்சடித்த தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை இழுப்பறையில் ரேஷன் கார்டு மாதிரிப் பத்திரமாக வைத்தேன். மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது.

நானா மாப்புக் கேட்ட அன்று சாயங்காலம் அதை எடுத்து மேசையில் வைத்திருந்தேன். ரிஸ்வானா பார்த்துவிட்டாள். பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். சோறு வேண்டாம், பாஸ்தா போதும் என்பாள். ஊருக்குப் போனால் யார் யாரென்று தெரியாமல் எல்லோருக்கும் சலாம் சொல்லிவிட்டு மூலையில் உட்காருவாள். கல்யாணத்தில் அவளும் இருந்தாள். எல்லோரும் சேர்ந்து ஒரு ஆளை ஏன் திட்டினார்கள் என்று மட்டும் அப்போது கேட்டிருந்தாள். உனக்குப் புரியாது என்று சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது தாளைப் படித்தாள். இது அந்தக் கல்யாண அரிசியா, குழைந்தது இதனாலா என்றாள். ஆமாம் என்றேன். அப்படியென்றால் அந்த ஆள் மேல் தப்பில்லையே, நீ ஏன் சொல்லவில்லை என்றாள். குடும்பம், மாமா, நஸ்ரினின் மாமியார் வீடு என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். பிரெஞ்சில் அதைச் சொல்லவே முடியவில்லை. எனக்கு வார்த்தை போதாது என்பதால் இல்லை. அந்த மொழியில் சொன்னபோது அது பச்சையான கோழைத்தனமாகத்தான் வந்தது. தமிழில் சொன்னால் மட்டும் மானம், மரியாதை என்றெல்லாம் ஆகிவிடுகிறது.

அவள் தாளை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். ஊரோடு ஒட்டாத பிள்ளை என்று அவளைப் பற்றி எத்தனை பேரிடம் புலம்பியிருப்பேன்! அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

7

நஸ்ரினிடம் பண்டாரியின் எண்ணை வாங்கினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவர் இப்போது கீழவாஞ்சூரில், துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்ற வருகிற லாரிக்காரர்களுக்கான சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறார் என்று சொன்னாள். கல்யாண வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லையாம். 'அந்த வீட்டுல கஞ்சியாக்கினவரு' என்று பேராகிவிட்டதாம்.

மறுநாள் என் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டேன். பின்னால் லாரி ஹாரன். பெயரைச் சொன்னதும், "சொல்லுங்கம்மா, நல்லா இருக்கீங்களா, புள்ளைங்க நல்லா இருக்கா" என்று விசாரித்தார். அந்த மரியாதை எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கார்த்திகை போன், மாசிப் பூ, இரவுச் சூடு, நான் உள்ளங்கையில் பார்த்தது, இழுப்பறைத் தாள். கடைசியில் மாப்புக் கேட்டேன்.

அவர் கடையின் பின்பக்கம் போனார் போல, ஹாரன் சத்தம் குறைந்தது.

"அரிசி தப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா. உங்களுக்குத் தெரியாதுன்னுல்ல நெனச்சிருந்தேன். படிச்ச புள்ள, ஏதோ கணக்குத் தப்பிருச்சு, பாவம்னு. தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

ஆமாம் என்றேன்.

"இது தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "மாப்பு குடுத்துட்டேன்னு நான் சொன்னா நீங்க நிம்மதியாப் போயிருவீங்க. என்னைய ஏசினது பந்தல்லம்மா, அத்தனை பேருக்கு முன்னாடி. நீங்க மாப்பு கேக்குறது போன்ல."

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். சோறு இறக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்.

அவர் மாப்புத் தரவில்லை. தந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் பாரிஸ் கோபுரத்தைப் பற்றி எழுதியிருப்பேன்.

8

நானாவிடம் சொல்லாமல் எழுதக்கூடாது என்று, அவர் புறப்பட நாலு நாள் இருக்கும்போது கூப்பிட்டேன். தாளில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். தப்பு முதலில் என்னுடையது, கார்த்திகையில் நான்தான் போடச் சொன்னேன், அதையும் எழுதுகிறேன் என்றேன். அவர் அரிசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது. நெல்லை அரிசியாக அரைத்து வந்த அன்றே தெரிந்திருக்கும். இத்தனை நாளும் எனக்கு மட்டுந்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

"நஸ்ரின் மாமியா வீட்டுல அவ தல நிமிர வேணாமா? எழுதினீன்னா இந்த வாசப்படி ஏறாத" என்றார்.

நஸ்ரினிடமும் கேட்டேன். அவள்தானே அந்த வீட்டில் இருக்கிறாள். மாமியார் ஏற்கனவே வாரத்துக்கு ஒரு தடவை அந்தக் கஞ்சியைச் சொல்லிக்காட்டுகிறார், இதனால் புதிதாக என்ன வந்துவிடும் என்றாள். பிறகு, வாப்பாவை மட்டும் ரொம்ப எழுதாதீங்க அத்தை என்றாள். அதனால்தான் அவர் அடுப்படியில் பேசியதில் பாதியை விட்டிருக்கிறேன்.

பண்டாரியை இன்னொரு முறை கூப்பிட்டு, பேரைப் போடலாமா என்று கேட்டேன். "போடுங்க. கெட்டது அந்தப் பேருதானே" என்றார்.

நானா ஊர் திரும்பிவிட்டார். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் சொந்தக்காரர்களில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி. எனக்கு வரவில்லை. இந்த வருஷக் கோடை விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் போடவா என்று என் கணவர் கேட்டார். எந்த வீட்டில் போய் இறங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே அன்று பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கும், கேள்விப்பட்டுச் சிரித்தவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீட்டு நெய்ச்சோறு வயலிலேயே கெட்டது. கெட்டது என்று பண்டாரி செய்யது சொன்னார். தெரிந்துகொண்டே மறுத்தவள் நான். அவர் கீழவாஞ்சூர் சாலையில் லாரிகள் நிற்கிற இடத்துச் சாப்பாட்டுக் கடையில் இருக்கிறார். வீட்டில் விசேஷம் வைத்திருக்கிறவர்கள் அவரைக் கூப்பிடுங்கள். அரிசியை அவரையே பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.